எட்டரை மணிக்கு எனக்கு நேரம் இருந்தது

1

மூன்று மாதமாக யோகா செய்துவருகிறேன். தினமும் பதினைந்து நிமிடம். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆனாலும் முசிறியில் இருக்கும் என் தங்கை செல்விக்குத் தெரியக் கூடாது என்று மறைத்துத்தான் வைத்திருந்தேன். போன மாதம், அம்மாவின் முதல் வருடத் திதி அன்று, அது வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஊரில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் ஆறுமோ என்று எழுதுகிறேன். ஆறாது என்றும் தெரியும்.

கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பெம்பானில் ஒரு தாமானில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் செலண்டார் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை மேடையைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள் தர்ஷினி, கல்லூரியில் படிக்கிறாள். நான் வீட்டிலேயே தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். சாயங்காலம் அரைத்து, விடிகாலையில் பொட்டலம் போட்டுக் கொடுத்தால், அவர் வேலைக்குப் போகிற வழியில் கடை கடையாக இறக்கிவிட்டுப் போவார். மகளும் ஏழே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து நிமிரும்போது எட்டே கால் ஆகியிருக்கும்.

இந்தக் கால அட்டவணையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

2

என் தோளில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தது குடிநுழைவு அலுவலகம். மலேசியாக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதற்கு ஒரு பாஸ் உண்டு. அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நிரந்தரமாகத் தங்குபவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போட்டு வருடக்கணக்காகிறது. எப்போது போய்க் கேட்டாலும் "மாசே டாலாம் புரோசெஸ்" என்பார்கள். இன்னும் நடவடிக்கையில் இருக்கிறதாம். இங்கே வந்து நான் முதலில் தப்பில்லாமல் கற்றுக்கொண்ட மலாய் வாக்கியம் அதுதான்.

இந்த முறை போனபோது முகப்பில் இருந்த பெண் ரேகை வைக்கச் சொன்னாள். பெட்டி கொஞ்சம் உயரத்தில் இருந்தது. வலது கையைத் தூக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெண் கணினியை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "காக், கிளினிக்குக்குப் போங்க" என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். காக் என்றால் அக்கா.

போனேன். மருத்துவரிடம் பாஹு வலிக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக பாஜு வலிக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். பாஹு தோள், பாஜு சட்டை. பாவம், அவர் என் சட்டையைப் பார்த்தார். கூட வந்திருந்த தர்ஷினி தலையைத் திருப்பிக்கொண்டாள். சின்ன வயதில் இப்படித் தப்பினால் விழுந்து விழுந்து சிரிப்பாள், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடித்துக் காட்டுவாள். இப்போது சிரிப்பதும் இல்லை. அவளே முன்னால் வந்து மலாயில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டாள். நான் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இப்படி இறுகுமாம். மாத்திரை பாதிதான், மீதியைப் பயிற்சிதான் சரிசெய்யும், தினமும் கையை அசைத்தே ஆக வேண்டும், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார் மருத்துவர். அசையாமல் நின்றுபோன ஒரு கையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

3

மருத்துவமனையில் பயிற்சிக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று தாமான் மண்டபத்தில் சனிக்கிழமை நடக்கும் யோகா வகுப்பில் தர்ஷினி என்னைச் சேர்த்துவிட்டாள். சொல்லிக் கொடுப்பவர் மிஸ் லிம் என்ற சீனப் பெண்மணி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர், ஆனால் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்துவிடுகிறார்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. "இந்தியாலேர்ந்து வந்தவங்களா? அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்லா" என்று ஆங்கிலத்தில் சொல்லி, மற்றவர்களுக்கு முன்னால் என்னை உட்காரவைத்தார். எனக்குச் சம்மணம் போட்டு உட்காரவே வரவில்லை. முட்டி இரண்டும் மேலே நின்றன. முசிறியில் இருந்த இருபத்தேழு வருடத்தில் யோகா என்று ஒரு நாள் குனிந்ததில்லை. அதைக் கற்றுக்கொள்ளக் கடல் தாண்டி வந்து ஒரு சீன அம்மாவிடம் கை கட்டி உட்கார வேண்டியதாயிற்று.

மிஸ் லிம் கோபிக்கவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்து மூச்சை இழுக்கும்போது கையை முன்னால் தூக்கு, விடும்போது இறக்கு, வலிக்கிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்து. அப்புறம் சுவரில் விரலை வைத்து எறும்பு ஏறுவது போல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்று. அப்புறம் தரையில் முட்டி போட்டுக் குனிந்து, பூனை மாதிரி முதுகைத் தூக்கு, மாடு மாதிரி தாழ்த்து. கடைசியில் மல்லாந்து படுத்துச் சும்மா கிட. எனக்கு நன்றாக வந்தது அந்தக் கடைசி மட்டும்தான்.

நிறையச் செய்ய வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாள் விடக் கூடாது, ஒரே நேரத்தில் செய்தால் உடம்பு தானே கேட்கும் என்றார். உங்களுக்கு எந்த நேரம் ஓய்வு என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது வாய் யோசிக்காமல் எட்டரை என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது எந்த நேரம் என்று உறைத்தது.

அப்படியும் சமாளித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் மூச்சை எண்ணிக்கொண்டே கையை ஏற்றச் சொன்னார். எல்லாரும் அவரவர் மொழியில் எண்ணினார்கள். நானும் சத்தமாகவே எண்ணினேன். "லாபம், ரெண்டு, மூணு" என்று போனது என் எண்ணிக்கை. பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் சிரித்தாள், அவள் இங்கேயே பிறந்தவள். மிஸ் லிம் அதென்ன லாபம் என்று கேட்டார். அரிசி அளக்கும்போது எங்கள் ஊரில் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்றுதான் ஆரம்பிப்போம், அம்மா அரிசிக் கடை வைத்திருந்தார் என்று சொல்ல வந்தேன். அம்மா என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

4

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு பங்குனி மாதம். வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டன. கால் தப்பியது. நான் ஓடிப்போய்ப் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். செல்வி முசிறியிலேயே கல்யாணமாகி இருப்பவள். அம்மாவையும் அரிசிக் கடையையும் சேர்த்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்து காட்டிக் கொடுத்தார். தினமும் காலையில் பதினைந்து நிமிடம், விடாமல் செய்தால் ஆறு மாதத்தில் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடலாம் என்றாராம். செல்வி சொன்னால் அம்மா கேட்கவில்லை. வலிக்கிறது, அப்புறம் செய்யலாம் என்று தட்டிக்கழித்தது. மூத்த மகள் நான் சொன்னால் அம்மா கேட்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் செல்வி ஒரு யோசனை சொன்னாள். காலையில் ஆறு மணிக்கு நான் வீடியோவில் வந்து எண்ணினால் போதும், கையைப் பிடித்துத் தூக்குவதை அவள் பார்த்துக்கொள்வாள். அங்கே ஆறு என்றால் இங்கே எட்டரை.

நாலு நாள் செய்தேன். முதல் நாள் நான் ஒன்று என்று ஆரம்பித்ததும் அம்மா கோணிய வாயோடு என்னைத் திட்டியது. லாபம் என்று சொல்லடி என்றது. சிரித்தோம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நன்றாகவே போயின. நாலாம் நாள் செல்வி கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது அம்மாவுக்கு வலி தாங்கவில்லை. அழுதது. குழந்தை அழுவது போல வாயைத் திறந்துகொண்டு, கண்ணை மட்டும் என் மேல் வைத்துக்கொண்டு அழுதது. நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். நெட்வொர்க் போய்விட்டது என்று செல்விக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் புதிதாக ஒரு கடை சேர்ந்திருக்கிறது, காலையில் ஆர்டர் அதிகம், நேரமே இல்லை என்றேன். அதற்கு மறுநாளும் அதையே சொன்னேன். பிறகு செல்வி கேட்பதை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினேன், அதுவும் முகம் தெரியாமல், வெறும் குரலில்.

எட்டரை மணிக்கு உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, போனில் யார் யார் வீட்டுக் கல்யாணப் படங்களையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கை அப்படியே இறுகிப்போனது. அதற்கப்புறம் ஒன்றரை வருடம் இருந்தது, கடைசி வரைக்கும் செல்விதான் ஊட்டினாள். நிமோனியாவில் போனபோது நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கும் செல்வி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

5

இப்போது புரிந்திருக்கும், ஏன் மறைத்தேன் என்று. அம்மாவின் கைக்கு இல்லாத பதினைந்து நிமிடம் என் தோளுக்கு இருக்கிறது. அதுவும் அதே எட்டரை மணி. வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று பார்த்தேன். வேறு நேரமே இல்லை. என் நாளில் ஓய்வாக இருப்பது அந்த அரை மணிதான், அது எப்போதுமே அங்கேதான் இருந்தது.

திதி அன்று செல்வி வீடியோவில் அழைத்துப் படையலைக் காட்டினாள். பாஸ் புதுப்பிப்பு முடியாததால் நான் போகவில்லை. உண்மையைச் சொன்னால், முடிந்திருந்தாலும் போயிருப்பேனா தெரியாது. தர்ஷினி என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். சித்தியிடம் அவள் பேசுவதே அபூர்வம், பேச ஆரம்பித்தால் தமிழ் பாதியில் தீர்ந்துவிடும். அன்றைக்கு என்னவோ உற்சாகமாக இருந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று செல்வி கேட்டதும் பெருமையாகச் சொன்னாள்.

"அம்மா இப்ப யோகா செய்றாங்க சித்தி. எவ்ரிடேலா. எட்டரை ஆச்சுன்னா பாய் போட்டுருவாங்க, போன் அடிச்சாகூட எடுக்க மாட்டாங்க."

"எட்டரைக்கா?" என்று கேட்டாள் செல்வி.

"ஆமா சித்தி. ஃபிஃப்டீன் மினிட்ஸ். ஒரு நாள் மிஸ் பண்ணல."

செல்வி படையல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நல்லதுதான், ஒடம்பப் பாத்துக்கணும்ல" என்றாள். இலை போட ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று தர்ஷினி கேட்டாள். அவள் மேல் என்ன தப்பு. பாட்டியின் கையைப் பற்றி அவளுக்கு நான் எதுவுமே சொன்னதில்லை.

அப்புறம் ஒன்பது நாள் செல்வி என் அழைப்பை எடுக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் யோகாவை விட்டேனா என்றால், விடவில்லை. தோள் வலித்தது, அதனால் பாயை விரித்தேன். என்னைப் பற்றி நானே தெரிந்துகொண்டது இது.

6

பத்தாம் நாள் எடுத்தாள். சுற்றி வளைத்தால் மறுபடியும் பொய்யில்தான் போய் முடிப்பேன் என்று தெரிந்ததால் நேராகவே சொன்னேன்.

"செல்வி, அன்னைக்கு நெட்வொர்க் போகல. நாந்தான் அமத்தினேன். ஆர்டரும் கீர்டரும் ஒண்ணும் இல்ல."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"மாவு சாயங்காலமே அரைச்சுருவே. மாமாவும் புள்ளையும் எட்டு மணிக்குள்ள போயிருவாங்க. இதெல்லாம் நீயே சொன்னதுதான. எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?" கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் அரிசி விலை சொல்லும் அதே குரலில் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சா என்ன. அம்மாவுக்குத் தெரியாதுக்கா. அது அஞ்சே முக்காலுக்கே மூஞ்சியக் கழுவிட்டு, எடது கையால தலைய வாரிக்கிட்டு, போன் முன்னாடி ஒக்காந்துக்கும். அக்காவுக்கு வேலை, இன்னைக்கு வராதுன்னு சொன்னா, பாவம் புள்ளைக்கு ஓய்வே இல்லைன்னு சொல்லும். மறுநாளும் ஒக்காந்திருக்கும்."

எத்தனை நாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாள் எங்க. தீபாவளி வரைக்கும்."

நான் அழுதேன். செல்வி தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை இருந்தாள். அப்புறம்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக என்றுகூடச் சொல்லலாம், உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டேன். இடுப்பு போய்விட்டது என்றாள். அம்மா படுத்த படுக்கையான பிறகு தூக்கி உட்காரவைத்து, இறக்கி, குளிப்பாட்டி வந்த வலி, ஒன்றரை வருடமாக இருக்கிறதாம். குனிந்து படி அளக்க முடியவில்லையாம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறேன். ஒரு நாள்கூட இது எனக்குத் தெரியவில்லை.

உடனே எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. மிஸ் லிம் இடுப்புக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார், வலிக்காது, மெதுவாகத்தான், காலை ஆறு மணிக்கு நானே தினமும் அழைக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். இதைச் செய்தால் என் கணக்கு நேராகிவிடும் என்ற அவசரம் எனக்கு. செல்வி முழுவதையும் கேட்டாள்.

"ஆறு மணிக்கு எனக்கு நேரம் இல்லக்கா. இப்பல்லாம் அந்த நேரத்துலதான் தண்ணி வருது. அப்ப விட்டா ரெண்டு நாளைக்கு இல்ல."

என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே நேரம் இல்லை. நான் பொய்யாகச் சொன்ன அதே வார்த்தை அவள் வாயில் உண்மையாக இருந்தது. அவளே யோசித்து, மத்தியானம் மூன்று மணிக்கு வேண்டுமானால் முடியும், கடையில் ஆள் இருக்காது என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகுதான் நேரம் பார்த்தேன். அங்கே மூன்று என்றால் இங்கே ஐந்தரை. நான் மாவு அரைக்கிற நேரம்.

7

இது இரண்டாவது வாரம். ஐந்தரை ஆனதும் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டிய மாவைக் கழுவிக்கொண்டு, அடுப்படிக்கு வெளியே பாயைப் போடுகிறேன். மாவு தாமதமாவதால் மற்ற வேலையும் தள்ளிப்போகிறது. ஒரு கடைக்காரர் மாவு சரியாகப் புளிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரர் இரண்டு நாள் முனகினார். காலையிலேயே செய்து தொலைக்கக் கூடாதா என்றார். காலையிலும் செய்கிறேன், இது செல்விக்கு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

செல்வி கடைக்குள் சாக்கை விரித்து அதன்மேல் பழைய புடவையைப் போட்டுப் படுத்துக்கொள்கிறாள். ஒரு முட்டியை மடக்கி மார்பு பக்கம் கொண்டுவரச் சொல்கிறேன், அவள் பாதி வரை கொண்டுவருகிறாள். நான் எண்ணுகிறேன். நடுவில் ஆள் வந்தால் எழுந்துபோய் அரிசி போட்டுவிட்டு வருவாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். செய்யும்போது நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

எல்லா நாளும் அவள் எடுப்பதில்லை. நேற்று எடுக்கவில்லை. மூன்று முறை முழுதாக மணி அடித்து ஓய்ந்தது. லாரியில் அரிசி வந்து இறங்கிக்கொண்டிருக்கலாம். இடுப்பு வலியாக இருக்கலாம். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலும் இருக்கலாம், அதற்கும் அவளுக்கு உரிமை இருக்கிறது.

கல்லூரியிலிருந்து வந்த தர்ஷினி, நான் பாயில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். "சித்தி பிஸி போலலா. கிரைண்டரை ஆன் பண்ணவாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவள் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கு இப்படிக் காத்திருக்கிறேன் என்று கேட்டாள். அப்போதுதான் அவளிடம் பாட்டியின் கையைப் பற்றிச் சொன்னேன், நாலாம் நாளையும் சேர்த்து. அவள் போனின் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "பாட்டி டெய்லி வெயிட் பண்ணாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன். ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. எழுந்துபோய்க் கிரைண்டரைப் போட்டேன். எனக்கு இது ஒரு நாள். அம்மாவுக்குத் தீபாவளி வரை.